நாய், பூனையோடு வாடகைக்குப் போகிறவர்களுக்கு எது சரி: தனி ஓனர் வீடா, அபார்ட்மெண்ட் வளாகமா?

புதுவீடு_தேடி:

22 கிலோ எடையுள்ள கலப்பின நாய் ஒன்று, வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை ஒன்று. இரண்டுக்கும் கருத்தடை ஆகிவிட்டது, தடுப்பூசிகளும் சரியாகப் போட்டிருக்கிறது. பார்த்ததில் இரண்டு இடங்கள் தேறியிருக்கின்றன. ஒன்று ஓனர் நேரடியாக விடும் தரைத்தள வீடு. "நாய் இருந்தா பரவாயில்ல" என்று வாயால் சொல்லியிருக்கிறார். இன்னொன்று பெரிய வளாகத்தில் ஒன்பதாவது மாடி. அங்கே விலங்குகளுக்கென்று அச்சடித்த விதிகளும் மாதக் கட்டணமும் உண்டு. வாடகை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கையெழுத்துப் போடுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

சாவிக்கொத்து:

அந்த வளாகம் முழுவதும் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமா, இல்லை ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி ஓனரா? இதை முதலில் விசாரியுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது, ஆனால் உங்கள் நிலைமை இதைப் பொறுத்து முழுக்க மாறிவிடும்.

ஒரே நிறுவனம் என்றால் நீங்கள் பேச வேண்டியது ஒரே தரப்பிடம். எத்தனை விலங்கு (பெரும்பாலும் இரண்டுதான்), எத்தனை கிலோ வரை, எந்த இனங்கள் கூடாது, கட்டணம் எவ்வளவு எல்லாம் தாளில் இருக்கும். பேரம் பேச முடியாது. அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு விதியைத் தளர்த்தும் அதிகாரம் இருப்பதில்லை. அதனாலேயே மேலாளர் மாறினாலும் விதி மாறாது.

தனித்தனி ஓனர்கள் என்றால் உங்களுக்கு இரண்டு சம்மதம் தேவை, ஓனருடையது ஒன்று, அசோசியேஷனுடையது ஒன்று. பலர் முதலாவதை மட்டும் வாங்கிக்கொண்டு குடிபோய்விடுகிறார்கள். புகார் வந்தால் அசோசியேஷன் நோட்டீஸ் அனுப்புவது ஓனருக்கு. அவர் அந்தத் தொல்லையை முடிக்க எளிய வழியாக உங்களைக் காலி செய்யச் சொல்வார். விதிப்புத்தகத்தின் பிரதியைக் கையில் வாங்கிப் படிக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

தரைத்தள வீட்டு ஓனர் "நாய்" என்றுதானே சொன்னார்? பூனை பற்றிப் பேச்சு வந்ததா? 22 கிலோ என்று சொன்னீர்களா? கடையில் வாங்கும் அக்ரிமெண்ட் படிவங்களில் "செல்லப்பிராணிகள் வைத்துக்கொள்ளக் கூடாது" என்ற வரி பெரும்பாலும் முன்பே அச்சாகியிருக்கும். அதை அடிக்காமல் இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் வாயால் சொன்னது நிற்காது.

இதெல்லாம் எழுத்தில் வந்துவிட்டால் என் ஓட்டு தனி ஓனருக்குத்தான். நாயை நேரில் பார்த்து, பழகி முடிவு செய்யக்கூடிய ஒரே ஆள் அவர்.

ஏழாம்_மாடி:

இதில் எனக்கு உடன்பாடில்லை. தனி ஓனர் ஒற்றை மனிதர். வீட்டை விற்கலாம், சொந்த உபயோகத்துக்கு வேண்டும் எனலாம், பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு முறை முறையிட்டாலே மனம் மாறிவிடலாம். விலங்கோடு அவசரமாக வீடு தேடுவது எவ்வளவு சிரமம் என்று தேடியவர்களுக்குத் தெரியும். நிறுவன வளாகத்தில் விதிக்குள் இருக்கும்வரை உங்கள் நாயைக் காரணம் காட்டி யாரும் வெளியேற்றப் போவதில்லை.

ஆனால் பணக் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். விலங்குக்கென்று கேட்கும் பணம் மூன்று விதம்: திரும்பி வரும் டெபாசிட், திரும்பி வராத ஒருமுறைக் கட்டணம், மாதாமாதம் வாடகையோடு போகும் கட்டணம். மாதக் கட்டணம் வாடகையில் 2 சதவீதம் என்றால் சின்னதாகத் தெரியும். இரண்டு விலங்குக்கும் தனித்தனியாக என்றால் மாதம் 4 சதவீதம். 24 மாதத்தில் ஏறக்குறைய ஒரு மாத வாடகை முழுதாகப் போயிருக்கும், ஒரு காசு திரும்பாது. அதைக் கட்டியிருந்தாலும் சேதத்துக்குத் தனியாகப் பிடிப்பார்கள். "இந்தக் கட்டணம் சேதத்துக்கு ஈடா, இல்லை வெறும் அனுமதிக் கட்டணமா" என்று கேட்டுப் பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

எடை வரம்பு, இனப் பட்டியல் எல்லாம் வருவது பெரும்பாலும் வளாகம் எடுத்திருக்கும் காப்பீட்டிலிருந்து. அதனால்தான் கெஞ்சினாலும் அசைய மாட்டார்கள். குட்டியாக இருந்தால் இன்றைய எடையைப் பார்க்க மாட்டார்கள், வளர்ந்தால் எவ்வளவு வரும் என்பதைத்தான் பார்ப்பார்கள். கலப்பினம் என்பதால் கால்நடை மருத்துவரிடம் இனம், எடை குறித்த ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். தோற்றத்தை வைத்து யாராவது தடைசெய்யப்பட்ட இனம் என்று சொல்லிவிட்டால் மறுத்துக் காட்டக் கையில் தாள் இருக்கும். தனி ஓனர்களின் வீட்டுக் காப்பீட்டிலும் சில இடங்களில் இந்த விலக்கு உண்டு. அது அவர்களுக்கே தெரிந்திருக்காது, பார்க்கச் சொல்லுங்கள்.

ரசமட்டம்:

ஓனர் யார் என்பதை விடுங்கள், தரை என்ன என்று பாருங்கள். காலி செய்யும்போது பணம் பிடிபடுவது பெரும்பாலும் சிறுநீரால். அது எங்கே இறங்கியது என்பதை வைத்துத்தான் தொகை.

சிறுநீரில் உள்ள யூரியாவை பாக்டீரியா உடைக்கும்போது அம்மோனியா வருகிறது. முதல் நெடி அது, துடைத்தால் குறையும். மிஞ்சி நிற்பது யூரிக் அமிலப் படிகங்கள். அவை தண்ணீரில் சரியாகக் கரைவதில்லை. காய்ந்திருக்கும்போது சும்மா இருந்துவிட்டு, காற்றில் ஈரம் ஏறியதும் மறுபடி நாறும். கோடையில் ஒப்படைத்த வீட்டைப் பற்றி மழைக்காலத்தில் ஓனர் போன் செய்வது இதனால்தான்.

விட்ரிஃபைடு டைல்ஸ் ஈரத்தை உறிஞ்சாது, ஆனால் டைல்ஸ் இடைவெளியை அடைக்கும் கிரவுட் பூச்சு உறிஞ்சும். குடிபோகும் முன் ஈரம் புகாமல் தடுக்கும் சீலரை, உள்ளிறங்கும் வகையாக, கிரவுட் கோடுகளில் பூசிவிடுவது மலிவான வேலை. லேமினேட் மரத்தரைதான் மிக மோசம். இணைப்புக்குள் ஈரம் புகுந்தால் உள்ளிருக்கும் நார்ப்பலகை உப்பிவிடும், உப்பியது பழையபடி இறங்காது, பலகையையே மாற்ற வேண்டும். அது பழைய மாடலாக இருந்து அதே பலகை கிடைக்காவிட்டால் அறை முழுவதையும் மாற்றக் கேட்பார்கள். ஒட்டுக் கம்பளம் போட்ட வீடு என்றால் மேலே உள்ளங்கை அளவு கறை, அடியில் மெத்தையில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு பரவியிருக்கும். பூச்சில்லாத சிமெண்ட் தரை உறிஞ்சிக்கொள்ளும். நன்றாகக் கழுவிக் காயவிட்டு ஷெல்லாக் (அரக்கு) அடிப்படையிலான பிரைமர் ஒரு பூச்சு கொடுத்தால்தான் நெடி அடங்கும்.

சுத்தம் செய்யும் முறை: முதலில் காய்ந்த துணி அல்லது தாளால் அழுத்தி ஒற்றியெடுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு என்சைம் கிளீனர், அதாவது சிறுநீரை உடைக்கும் நொதி கலந்த திரவம். சிறுநீர் எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழம் அதுவும் போக வேண்டும், ஆகவே தெளித்துவிட்டுத் துடைப்பதில் பயனில்லை. நனைய ஊற்றி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை ஈரமாகவே வைத்திருங்கள். பழைய கறைக்கு மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு மூடிப் பல மணி நேரம் விட வேண்டியிருக்கும். அதற்கு முன் பிளீச்சோ கிருமிநாசினியோ போட்டிருந்தால் என்சைம் வேலை செய்யாது. நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். சிறுநீர் மேல் பிளீச் ஊற்றவே ஊற்றாதீர்கள், அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமீன் வாயு கிளம்பும். மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும்.

வீடு பார்க்கப் போகும்போது 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று கொண்டு போங்கள். ஜன்னலை மூடி இருட்டாக்கி, சுவரின் கீழ்ப்பகுதி, கதவு மூலை, பால்கனி வாசல் எல்லாம் அடித்துப் பாருங்கள். பழைய சிறுநீர் மங்கிய மஞ்சளாகத் தெரியும். சோப்புத்தூள் கறையும் ஒளிரும், அதனால் தெரிந்த இடத்தை மோந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். முன்பு குடியிருந்தவர் நாயின் கணக்கு உங்கள் தலையில் விழக்கூடாது. உங்கள் பூனையும் அந்த வாசனையைப் பிடித்து அதே இடத்தில் போக ஆரம்பிக்கும்.

கதவுக் கீறலுக்கு 2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் தாள், தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரம் போதும். திருகாணி அடித்தால் ஓட்டை விழும். சாதாரண இரட்டைப் பக்க டேப் பெயிண்டையும் சேர்த்து உரித்துவிடும். இழுத்தால் தடயமில்லாமல் வரும் வகையையே வாங்குங்கள்.

புதுவீடு_தேடி:

விசாரித்துவிட்டேன். வளாகத்தில் தனித்தனி ஓனர்கள்தான், விதிகளும் கட்டணமும் அசோசியேஷனுடையவை. தரைத்தள வீட்டு ஓனர் எழுதித் தரத் தயார் என்கிறார். அக்ரிமெண்டில் என்ன எழுதுவது? சட்டத்தில் நமக்குப் பிடிமானம் ஏதாவது உண்டா?

பத்திரம்:

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. இந்தத் தளத்தில் பல நாடுகளிலிருந்தும் எழுதுகிறார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இந்தியாவில் விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, குடியிருப்போர் சங்கங்கள் பெரும்பான்மை வாக்கெடுத்தாலும் செல்லப்பிராணிகளுக்கு ஒட்டுமொத்தத் தடை போட முடியாது. ஆனால் அது சங்கத்துக்குச் சொன்னது. வீட்டு ஓனர் தன் அக்ரிமெண்டில் போடும் நிபந்தனை வேறு விஷயம், அங்கே எழுத்துதான் பேசும்.

இங்கிலாந்தில் 2025-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2026 மே 1 முதல் தனியார் வீட்டில் குடியிருப்பவர் விலங்கு வைக்க எழுத்தில் கேட்டால் ஓனர் 28 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். நியாயமான காரணமின்றி மறுக்க முடியாது. ஓனரே அந்த வீட்டைக் குத்தகைக்கு எடுத்தவராக இருந்து, அவருடைய குத்தகைப் பத்திரம் விலங்கைத் தடுத்தால் அது நியாயமான காரணம். சாவிக்கொத்து சொன்ன இரண்டு சம்மதப் பிரச்சினைதான் இது. கனடாவின் ஒன்டாரியோவில் 2006 சட்டத்தின் 14-ஆம் பிரிவு, விலங்கு கூடாது என்ற வாடகை நிபந்தனையைச் செல்லாததாக்குகிறது. ஆனாலும் அங்கே காண்டோ (தனித்தனி ஓனர்கள் உள்ள வளாகம்) சங்கத்தின் ஆவணம் தடுத்தால் அது செல்லும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 2020 மார்ச் முதல் மறுக்க நினைக்கும் ஓனர் 14 நாட்களுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், போகாவிட்டால் சம்மதித்ததாகவே பொருள். ஜெர்மனியில் உச்ச சிவில் நீதிமன்றம் 2013 மார்ச்சில் அச்சுப் படிவத்தில் நாய், பூனைக்கு ஒட்டுமொத்தத் தடை போடுவது செல்லாது என்றது. அதனால் எல்லா நாய்க்கும் அனுமதி கிடைத்துவிடாது, ஒவ்வொன்றையும் தனியே எடைபோட வேண்டும். பிரான்சில் 1970-ஆம் ஆண்டிலிருந்தே அந்தத் தடை வரி செல்லாது, ஆபத்தான வகை நாய்களுக்கு மட்டும் விலக்கு. அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டப்படி ஊனமுற்றோரின் உதவி விலங்கைச் செல்லப்பிராணியாகக் கணக்கிட்டு அதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது. ஓனரும் அங்கேயே குடியிருக்கும், நான்கு வீடுகளுக்கு மேற்படாத சிறு கட்டடங்களுக்கு அந்தக் கூட்டாட்சிச் சட்டத்தில் விலக்கு உண்டு.

அக்ரிமெண்டுக்கு வருவோம். "செல்லப்பிராணிகளுக்கு அனுமதி உண்டு" என்ற ஒற்றை வரி போதாது. நான் எழுதுவது இப்படி:

"வாடகைதாரர் கீழே பெயர், இனம், நிறம், எடை, மைக்ரோசிப் எண் குறிப்பிட்ட நாய் ஒன்றையும் பூனை ஒன்றையும் இவ்வீட்டில் வைத்துக்கொள்ள உரிமையாளர் சம்மதிக்கிறார். இச்சம்மதம் இந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் காலங்களுக்கும் தொடரும். இரண்டு எழுத்துபூர்வ எச்சரிக்கைகளும் ஒவ்வொன்றுக்கும் 14 நாள் அவகாசமும் தராமல் சம்மதத்தைத் திரும்பப் பெற இயலாது. விலங்குகளால் ஏற்படும் சேதத்துக்கு உண்மையான பழுதுச் செலவை மட்டும் ரசீதின் பேரில் கழிக்கலாம். இயல்பான தேய்மானம் சேதமாகாது."

புதுப்பித்தல் பற்றிய வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். முதல் ஆண்டு சம்மதித்துவிட்டு, புதுப்பிக்கும்போது பழைய படிவத்தையே அச்செடுத்து நீட்டுவது சகஜம். வீடு கைமாறினால் நடப்பு ஒப்பந்தம் முடியும்வரை புதிய ஓனரையும் அது கட்டுப்படுத்தும் என்பதே பல நாடுகளில் வழக்கு. அதன்பின் அவர் விருப்பம். ஆகவே ஒப்பந்தக் காலத்தை முடிந்தவரை நீட்டிக் கேளுங்கள். ஓனர் டெபாசிட் கூடக் கேட்டால், உங்கள் ஊர்ச் சட்டத்தில் உச்சவரம்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

வால்வைத்தியம்:

நாய் பூனைகளின் பக்கமும் கொஞ்சம் பேசுவோம். ஒன்பதாவது மாடி என்றால் ஒவ்வொரு முறை வெளியே போகவும் லிஃப்ட். வளர்ந்த நாய் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் அடக்கும், ஆனால் வயிற்றுப்போக்கு வந்த ராத்திரியில் லிஃப்டுக்குள்தான் அசிங்கமாகும். முதல் புகார் அதில்தான் பிறக்கும். தரைத்தளம் இந்த விஷயத்தில் பெரிய வசதி. இரண்டு கதவு தாண்டினால் மண்.

குரைப்பு: தனியே விட்டால் பதறும் நாய்களில் பெரும்பாலானவை ஆள் போன முதல் அரை மணிக்குள் ஆரம்பித்துவிடும். இப்போது இருக்கும் வீட்டிலேயே போனைப் பதிவில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் வெளியே போய்ப் பாருங்கள். பதறுகிற நாய் என்றால், சுவர் ஒட்டிய வீட்டில் புகார் வராமல் இருக்காது. குடிபோகும் முன்பே பயிற்சியைத் தொடங்க வேண்டும். கீழ் வீட்டுக்காரருக்குக் கேட்பது குரைப்பைவிட நகத்தின் டக் டக் சத்தம்தான். நகத்தை வெட்டி, நாய் ஓடும் பாதையில் அடித்தட்டு வைத்த விரிப்பு போட்டால் பாதிக்கு மேல் அடங்கும்.

அடுத்ததைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். வளாகங்களில் பொது இடங்களிலும் சில நேரம் வீடுகளுக்குள்ளும் பூச்சிமருந்து அடிப்பார்கள். அவற்றில் ஒன்றான பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. நடுக்கம், வலிப்பு வரும், உயிரே போகலாம். அதே குடும்ப மருந்துகள் மீன்தொட்டியையும் காலி செய்துவிடும். மருந்தின் பெயரை முன்கூட்டியே எழுத்தில் தரச் சொல்லுங்கள், அடிக்கும் நாளில் பூனையை வேறிடம் கொண்டுபோங்கள். பீனால் கலந்த பினாயில் வகைகளும் அதே காரணத்தால் பூனைக்கு ஆகாது. துடைத்த தரையில் நடந்துவிட்டுக் காலை நக்கும். தோட்டத்தில் எலி மருந்து வைக்கிறார்களா என்றும் கேளுங்கள். அந்த வகைகளில் பல இரத்தத்தை உறையவிடாமல் செய்பவை. நாய் தின்றால் அறிகுறி தெரியவே சில நாள் ஆகும்.

தனி ஓனர் வீட்டில் இதையெல்லாம் ஒரே ஆளிடம் பேசி முடித்துவிடலாம். நான் அந்தப் பக்கம் சாய்வது இதனால்தான்.

ஏழாம்_மாடி:

மருந்து விஷயம் சரிதான், ஆனால் ஒழுங்கான வளாகத்தில் அறிவிப்புப் பலகையில் முன்பே போடுவார்கள்.

பால்கனி வலையை யாரும் சொல்லவில்லை. ஒன்பதாவது மாடியில் பூனையோடு வலை இல்லாமல் ஒரு நாள்கூட இருக்காதீர்கள். பூனை பறவையைப் பார்த்தால் உயரத்தை மறந்துவிடும். கண்ணி 3 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். 5 சென்டிமீட்டர் வளர்ந்த பூனையைத் தடுக்கும், குட்டி தலையை நுழைத்துவிடும். கடிக்கிற பூனை என்றால் கம்பி கோத்த வகையே வேண்டும். சிக்கல் என்னவென்றால், வெளிச்சுவரில் துளையிடவும் முகப்பின் தோற்றத்தை மாற்றவும் பல சங்கங்கள் தனி அனுமதி கேட்கும். தரைக்கும் கூரைக்கும் நடுவில் இறுக்கி நிறுத்தும் கம்பங்களில் வலை கட்டினால் துளை தேவையில்லை. வெயிலில் நைலான் நொய்ந்துபோகும், மாதம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

பழுது பார்க்க வருகிறவரிடம் பொதுச் சாவி இருக்கும் வளாகம் என்றால் கதவில் "உள்ளே நாய், பூனை உண்டு, கதவை மூடவும்" என்று ஒட்டுங்கள். 24 மணி நேர முன்னறிவிப்பை எழுத்தில் கேளுங்கள்.

சாவிக்கொத்து:

யாரிடம் போனாலும் ஒரே கோப்பு தயாராக இருக்கட்டும்: தடுப்பூசி அட்டை (ரேபிஸ் தேதி தெரிய), கருத்தடைச் சான்று, 15 இலக்க மைக்ரோசிப் எண், உள்ளாட்சி உரிமம் தேவைப்படும் ஊரானால் அது, நாயின் புகைப்படம், முந்தைய ஓனரிடமிருந்து நான்கு வரிக் கடிதம். கடிதத்தில் "நல்ல நாய்" என்பதைவிட "காலி செய்தபோது சேதம் இல்லை, குரைப்புப் புகார் வரவில்லை" என்ற வரிக்குத்தான் மதிப்பு.

சாவி வாங்கிய அன்றே, சாமான் இறக்குவதற்கு முன், வீடியோ எடுங்கள். பலரும் அறையைக் கண் உயரத்தில் எடுக்கிறார்கள். விலங்குச் சேதம் என்று பின்னால் காட்டப்போவது கதவின் கீழ் அரை மீட்டர், ஜன்னல் சட்டத்தின் கீழ் விளிம்பு, திரைச்சீலை நுனி, பலகைத் தரையின் இணைப்பு, பால்கனி வடிகால். அங்கே குனிந்து எடுங்கள். அதை அன்றே ஓனருக்கு அனுப்பினால் தேதி பதிவாகிவிடும்.

காலி செய்யும்போது தெள்ளுப்பூச்சி ஞாபகம் இருக்கட்டும். கூட்டுப்புழு நிலையில் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். அடுத்தவர் குடிவந்து நடமாடும் அதிர்வும் உடல் சூடும் கிடைத்ததும் ஒரே நேரத்தில் வெளியே வரும். நீங்கள் போன பிறகுதான் புகார் வரும். காலி செய்வதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே விலங்குகளுக்கு மருந்து போட்டு, தரை இடுக்கு, சோபா அடி எல்லாம் ஒருநாள் விட்டு ஒருநாள் வாக்குவம் போட்டு, பையை உடனே வெளியே கொண்டுபோய்ப் போடுங்கள். வளாகம் தனக்கென்று பூச்சிக் கட்டுப்பாட்டுக் கட்டணம் பிடிப்பதைத் தடுக்க ரசீதுகள் உதவும்.

புதுவீடு_தேடி:

பத்திரம் எழுதிய வாசகத்தை அனுப்பினேன். ஓனர் இரண்டு எச்சரிக்கை என்பதை ஒன்றாக்கச் சொன்னார், 14 நாளை அப்படியே விட்டுவிட்டார். அதை ஏற்றுக்கொள்ளலாம் என்று படுகிறது. அங்கே கூடத்தில் மட்டும் மார்பிள், மற்ற அறைகள் டைல்ஸ். மார்பிளுக்கு என்ன செய்வது? வினிகர் போட்டுத் துடைக்கலாம் என்று ஒருவர் சொன்னார்.

பத்திரம்:

14 நாள் இருக்கும்வரை ஒரு எச்சரிக்கை போதும். எச்சரிக்கையில் நடந்தது என்ன, எந்தத் தேதி என்று குறிப்பிட வேண்டும் என மட்டும் சேர்த்துவிடுங்கள்.

ரசமட்டம்:

வினிகர் வேண்டவே வேண்டாம். மார்பிள் கால்சியம் கார்பனேட், எந்த அமிலம் பட்டாலும் மேற்பரப்பு அரிந்து பளபளப்பு போகும். சிறுநீரும் நேரம் ஆக ஆக அதே வேலையைச் செய்யும். அந்த வெளிறிய வட்டம் கறையில்லை, கல்லே அரிந்திருப்பது. மறுபடி பாலிஷ் போட்டால்தான் போகும். குடிபோகும் முன் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தரையில் விட்டு 10 நிமிடம் பாருங்கள். கல் கருத்தால் சீலர் இல்லை என்று அர்த்தம். ஓனரிடம் கேட்டு உள்ளிறங்கும் சீலர் பூசிவிடுங்கள், அது உறிஞ்சுவதைத் தடுக்கும். அரிப்பைத் தடுக்காது, ஆகவே சிந்தியதை உடனே ஒற்றியெடுப்பது மாறாது. என்சைம் கிளீனர் வாங்கும்போது டப்பாவில் pH நடுநிலை என்று இருக்கிறதா, இயற்கைக் கல்லுக்கு ஏற்றது என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முதல் இரண்டு வாரம் பூனையின் மணல் தட்டை மார்பிள் இல்லாத அறையில் வையுங்கள். புது வீட்டில் குழப்பத்தில் இடம் மாறிப் போனாலும் டைல்ஸில்தான் போகும்.